தார்ப் பாலைநிலத் தொல்லேரிகளும் பண்டைக் காலநிலை மாற்றமும்: சான்றுகளை மதிப்பிடும் முறை

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவின் வடமேற்கிலுள்ள தார்ப் பாலைநிலத்தில் சாம்பர், தித்வானா, லுங்கரன்சர் முதலிய உவர் ஏரிகளும் வற்றிய ஏரிப்படுகைகளும் உள்ளன. கடந்த இருபதாயிரம் ஆண்டுகளின் மழை வரலாற்றை அறிவதற்கு இவற்றின் அடிப்படிவுகள் முதன்மையான சான்றுகளாகும். இப்படிவுகளின் அடிப்படையில், சிந்துவெளி நகரங்கள் ஈரக் காலநிலையில் எழுந்து வறட்சியால் வீழ்ந்தன என்னும் கருத்து 1971-இல் முன்வைக்கப்பட்டது. ஏரி வற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்நாகரிகம் தழைத்தது என்னும் முடிவு 1999-இல் வெளிவந்தது. ஒரே பாலைநிலத்தின் ஏரிகள் இவ்வாறு மாறுபட்ட முடிவுகளுக்கு இடமளித்ததன் காரணத்தை ஆராய்ந்து, ஏரிப்படிவுகள் எதனைக் கூறவல்லன, எதனைக் கூற இயலாதன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தார்ப் பாலைநிலம், ஏரிப்படிவு, பருவமழை, மகரந்தத்தூள், கதிரியக்கக் கரிமம், சிந்துவெளி

1. முன்னுரை

சிந்துவெளி நகரங்களின் வீழ்ச்சிக்குக் காலநிலை மாற்றமே காரணம் என்னும் கருத்து தமிழாய்வுகளிலும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அந்நகர மக்களின் மொழி குறித்தும், அவர்களுடைய பிற்கால இடப்பெயர்வு குறித்தும் பேசும் கட்டுரைகள் பலவற்றில் 'மழை பொய்த்தது; ஆறு வற்றியது; மக்கள் பெயர்ந்தனர்' என்னும் தொடர் நிறுவப்பட்ட உண்மையைப்போல் இடம்பெறுவதைக் காணலாம். இக்கூற்றுக்கு அடிப்படையாக அமைந்த இயற்கைச் சான்றுகள் யாவை, அவை எவ்வாறு பெறப்பட்டன, அவற்றின் உறுதிப்பாடு எத்தகையது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. கல்வெட்டையோ ஓலைச்சுவடியையோ சான்றாகக் கொள்ளும்போது அதன் காலம், பாடம், சிதைவு ஆகியவற்றை ஆராய்ந்தே பயன்படுத்துகிறோம். ஏரியின் அடிமண்ணும் அத்தகைய ஓர் ஆவணமே. அதற்கும் பாட ஆய்வு தேவைப்படுகிறது.

தமிழ் மரபில் பாலை என்னும் கருத்தாக்கம் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியம் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அது வேனிற்காலத்து நிலத்தின் நிலையைச் சுட்டுவதேயன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளின் காலநிலை மாற்றத்தைச் சுட்டுவதன்று. எனவே இலக்கியப் பாலையை நிலவியற் பாலைக்குச் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது. எனினும், வறண்ட நிலம் என்றும் வறண்டே இருந்ததன்று என்னும் எண்ணம் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. தார்ப் பாலைநிலத்தின் ஏரிகள் அவ்வெண்ணத்தை அளவிட்டுக் காட்டுகின்றன.

2. மூடிய ஏரியின் நீர்க்கணக்கு

கடலை நோக்கிச் செல்லும் வடிகால் இல்லாத ஏரியே மூடிய ஏரி எனப்படும். இத்தகைய ஏரிக்கு மழையும் ஓடைகளும் நிலத்தடி நீரும் வரவாகும். ஆவியாதல் ஒன்றே பெரும்பான்மைச் செலவாகும். வரவு மிகுந்தால் ஏரி பரந்து விரியும். பரப்பு விரிந்ததும் ஆவியாகும் நீரின் அளவும் கூடும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் ஏரியின் பரப்பு நிலைபெறும். வரவு குறைந்தால் ஏரி சுருங்கி, உப்புச்செறிவு கூடி, இறுதியில் வெடித்த சேற்றுத்தளமாகிறது. வடிகாலுள்ள ஏரி மிகைநீரை வெளியேற்றிவிடுவதால் மழையின் ஏற்றத்தாழ்வை அது அவ்வளவாகக் காட்டுவதில்லை. மூடிய ஏரியோ சிறு மாற்றத்தையும் தன் பரப்பிலும் உவர்ப்பிலும் காட்டிவிடுகிறது. பாலைநில ஏரிகள் பண்டைக் காலநிலைக்குச் சிறந்த சான்றாவதற்கு இதுவே காரணம்.

தார்ப் பாலைநிலத்தில் மழை கிழக்கிலிருந்து மேற்காகக் குறைந்துகொண்டே செல்கிறது. ஆரவல்லி மலையை ஒட்டிய சாம்பர் ஏரிப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. பிகானேர் மாவட்டத்து லுங்கரன்சர் பகுதி அதில் பாதி அளவையும் எட்டுவது அரிது. ஆவியாதலோ இவ்விரண்டைக் காட்டிலும் பல மடங்கு மிகுதி. ஆகவே, பருவமழை வலுத்த காலத்திலும் கிழக்கு ஏரிகளும் மேற்கு ஏரிகளும் ஒரே அளவில் நிறைந்தன எனவோ, ஒரே காலத்தில் வற்றின எனவோ எதிர்பார்த்தற்கில்லை. பொதுநிலையில், மேற்கிலுள்ள படுகைகள் முன்னரும் கிழக்கிலுள்ளவை பின்னரும் வறட்சியை எய்தின.

இவ்வேரிகளின் உப்பு பழங்கடலின் எச்சம் என்னும் கருத்து முன்பு நிலவியது. கட்ச் வளைகுடாப் பகுதியின் உப்பு, கோடைக்காற்றால் அடித்துவரப்பட்டு இங்குச் சேர்ந்தது என்று 1909-இல் ஹாலண்ட், கிறிஸ்டி ஆகியோர் விளக்கமளித்தனர். மழைநீர் பாறைகளைக் கரைத்துக் கொணர்ந்த உப்புக்களும் ஆவியாதலால் இங்குச் செறிந்தன எனப் பிற்கால வேதியியல் ஆய்வுகள் காட்டின. உப்பு உள்ளதால் கடல் இருந்தது எனக் கொள்வதற்கில்லை என்பது இதனாற் புலனாகும்.

3. அடிப்படிவில் பதிவாகும் சான்றுகள்

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் சேறும் உப்பும் உயிரெச்சங்களும் படிகின்றன. துளையிட்டோ குழி தோண்டியோ எடுக்கப்படும் மண்ணடுக்கில் மேலுள்ளது இளையது, கீழுள்ளது மூத்தது. இவ்வடுக்கிலிருந்து நால்வகைச் சான்றுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கனிமச் சான்று. ஏரிநீர் செறிவடையும்போது உப்புக்கள் குறிப்பிட்ட வரிசையில் படிகின்றன. முதலில் கால்சைட்டு முதலிய கார்பனேட்டுகளும், அடுத்து ஜிப்சமும், இறுதியில் சோற்றுப்பாகிய ஹாலைட்டும் வீழ்படிவாகின்றன. எனவே ஹாலைட்டு அடுக்கு கடும் உவர்ப்பையும், ஜிப்சம் மிகுந்த அடுக்கு ஆழமற்ற உவர்நீரையும், குலையாத மென்வரிகளைக் கொண்ட சேறு நிலைத்த நீர்ப்பரப்பையும் உணர்த்துகின்றன.

இரண்டாவது, மகரந்தச் சான்று. மகரந்தத்தூளின் புறவுறை எளிதில் அழியாதது. செடிவகைக்கேற்ப வடிவம் வேறுபடுவது. சம்பு, கோரை ஆகியவற்றின் மகரந்தம் நன்னீர்க் கரையையும், உமரி போன்ற உவர்நிலச் செடிகளின் மகரந்தம் வறண்ட உப்புத்தரையையும் சுட்டும். ஆயினும் மகரந்தம் காற்றாலும் நீராலும் தொலைவிலிருந்து வந்து சேரக்கூடியது. செடிகள் பெருகியமைக்கு மழையேயன்றி நிலத்தடி நீர்மட்டமும் காரணமாகலாம்.

மூன்றாவது, ஓரிடத்தான்களின் சான்று. ஆக்சிஜனின் எடைகுறைந்த ஓரிடத்தானைக் கொண்ட நீர்மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகின்றன. ஆவியாதல் மிகுந்த ஏரியில் எடைமிகுந்த ஆக்சிஜன்-18 செறிவடைகிறது. அந்நீரில் வாழும் நத்தைகளின் ஓடுகள் அவ்விகிதத்தைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. ஆகவே ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடியிருப்பது நீர்வரவு குறைந்ததையோ ஆவியாதல் மிகுந்ததையோ குறிக்கும்.

நான்காவது, ஜிப்சத்துள் அடங்கிய நீர். ஜிப்சம் படிகமாகும்போது ஏரிநீரின் ஒரு பகுதியைத் தன் கட்டமைப்பினுள் ஏற்கிறது. அந்நீரைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தால், படிகம் உருவான காலத்து ஏரிநீரின் இயல்பை நேரடியாக மதிப்பிடமுடிகிறது. நத்தை ஓடுகள் கிடைக்காத உவர்ப்படுகைகளில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

இந்நான்கும் ஒன்றோடொன்று இயையும்போதே முடிவு வலுப்பெறும். ஒன்றை மட்டும் கொண்டு மழையளவைக் கணிப்பது ஒற்றைப் படியைக் கொண்டு பாடம் நிறுவுவதை ஒக்கும்.

4. காலக்கணிப்பும் அதன் விளைவும்

மண்ணடுக்கின் காலம் பெரும்பாலும் கதிரியக்கக் கரிமத்தால் கணிக்கப்படுகிறது. உயிர்ப்பொருளிலுள்ள கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. எஞ்சியுள்ள அளவைக்கொண்டு காலம் அறியப்படுகிறது. 1950-ஆம் ஆண்டைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு அதற்கு முந்தைய ஆண்டுகளாக இது குறிக்கப்படும். வளிமண்டலத்தில் கரிமம்-14 எக்காலத்தும் ஒரே அளவில் இருந்ததன்று. ஆகையால் கரிம ஆண்டு நாட்காட்டி ஆண்டுக்குச் சமமாகாது. மரவளையங்கள் முதலியவற்றோடு ஒப்பிட்டு அதனை அளவுத்திருத்தம் செய்தல் வேண்டும்.

இத்திருத்தத்தின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். லுங்கரன்சர் ஏரி முற்றிலும் வற்றிய காலம் 4,800 கரிம ஆண்டுகளுக்கு முன் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இவ்வெண்ணிலிருந்து 1950-ஐ நேரடியாகக் கழித்தால் கி.மு. 2850 கிடைக்கும். அளவுத்திருத்தம் செய்தால் ஏறத்தாழ கி.மு. 3550 கிடைக்கும். வேறுபாடு 700 ஆண்டுகள். முதிர்ந்த அரப்பா நகரக் காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை, அதாவது 700 ஆண்டுகளே நீடித்தது. எனவே திருத்தப்படாத ஆண்டினை எடுத்தாளும் ஆய்வாளர், ஒரு நாகரிகத்தின் முழு நகரக் காலத்துக்கு நிகரான பிழைக்கு இடங்கொடுக்கிறார்.

வேறொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து கரைந்துவரும் பழைய கரிமம் ஏரிநீரிற் கலந்தால், அந்நீரில் வளர்ந்த உயிரினங்கள் உண்மைக் காலத்தைவிட மூத்தவையாகத் தோன்றும். ஆகையால் கரிமச்சத்துள்ள எப்பொருள் கணிப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

5. தார் ஏரிகள் காட்டும் காலநிலை வரலாறு

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், இறுதிப் பனியூழியின் உச்சத்தில், தென்மேற்குப் பருவக்காற்று வலுக்குன்றியிருந்தது. தித்வானா ஏரியின் அடியில் அக்காலத்து உப்படுக்குகள் காணப்படுகின்றன. கடும் உவர்ப்புடைய, அடிக்கடி வற்றிய ஏரியை அவை காட்டுகின்றன.

பனியூழி முடிந்த பின்னர் நிலை மாறியது. புவி ஞாயிற்றை மிக நெருங்கும் நாள் இக்காலத்தில் ஜனவரித் தொடக்கத்தில் அமைகிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது வட அரைக்கோளத்தின் கோடையில் அமைந்தது. 9,000 ஆண்டுகளுக்கு முன் வட அரைக்கோளம் ஜூலையிற் பெற்ற ஞாயிற்றுக்கதிர் இன்றைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதி எனக் கணக்கிட்டு, அதனால் பருவமழை வலுப்பெற்றது என்பதை 1981-இல் குட்ஸ்பாக் காலநிலை மாதிரியின்வழி விளக்கினார். சகாரா பாலைநிலம் பசுமையுற்று, சாட் ஏரி பேரேரியாக விரிந்திருந்ததும் இதே காரணத்தாலாகும்.

எனினும் தார் ஏரிகள் இவ்விளக்கத்தோடு முற்றும் பொருந்தவில்லை. லுங்கரன்சர் ஏரி ஞாயிற்றுக்கதிர் உச்சத்திலிருந்த காலத்தில் ஆழமற்றதாகவும் அடிக்கடி ஏறியிறங்குவதாகவும் இருந்தது. 6,300 கரிம ஆண்டுகளுக்கு முன்னரே, அதாவது அளவுத்திருத்தம் செய்தால் ஏறத்தாழ 7,200 ஆண்டுகளுக்கு முன்னரே, அதன் நீர்மட்டம் விரைந்து உயர்ந்தது. இக்காலத்தாழ்வைக் கோடைப் பருவமழையால் மட்டும் விளக்குதல் அரிது. மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழையும் ஏரியை நிறைத்திருக்கவேண்டும் என்னும் விளக்கம் முன்வைக்கப்பட்டுள்ளது. குளிர்காலத்தில் ஆவியாதல் குறைவாதலின், சிறிதளவு மழையும் ஏரியின் நீர்க்கணக்கைப் பெரிதும் மாற்றவல்லது.

ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன் லுங்கரன்சர் வற்றியது. அக்காலத்தை ஒட்டியே மணற்குன்றுகள் நிலைகுலைந்து பெயரலாயின. ஏறத்தாழ அதே காலத்தில் சகாராவின் ஈர ஊழியும் முடிவுக்கு வந்தது குறிப்பிடத்தக்கது.

6. சிந்துவெளி விவாதமும் ஏரிகளும்

மகரந்த ஆய்வாளர் குர்தீப் சிங், சாம்பர், தித்வானா, லுங்கரன்சர் ஆகிய ஏரிகளின் படிவுகளை ஆராய்ந்து 1971-இல் ஒரு கட்டுரையை வெளியிட்டார். கி.மு. 3000 வாக்கில் தொடங்கிய ஈரக் காலத்தில் சிந்துவெளி நகரங்கள் எழுந்தன எனவும், கி.மு. 1800 வாக்கில் தொடங்கிய வறட்சி அவற்றின் வீழ்ச்சிக்குக் காரணமாகலாம் எனவும் அவர் கருதினார். 1974-இல் தம் துறையினரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட விரிவான ஆய்வு, தார்ப் பாலைநிலத்தின் தாவர வரலாற்றுக்கு அடித்தளமாயிற்று. வரலாற்று நூல்களில் வறட்சிக் கோட்பாடு வலுப்பெற்றதில் இவ்வாய்வுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

1999-இல் என்செல் முதலானோர் லுங்கரன்சர் படிவை நுணுகி ஆராய்ந்து, கனிமங்களையும் கரிம ஓரிடத்தான்களையும் மிகுந்த காலக்கணிப்புகளோடு இணைத்து வெளியிட்டனர். ஏரி வற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், வறண்ட காலநிலையிலேயே அரப்பா நாகரிகம் இப்பகுதியில் தழைத்தது என்பது அவர்கள் முடிவு. சிங் கண்ட ஈரக் காலத்தின் கால எல்லை இதனால் ஐயத்துக்குள்ளாயிற்று.

விவாதம் அத்துடன் முடியவில்லை. 2014-இல் தீட்சித், ஹோடெல், பெட்ரி ஆகியோர் அரியானாவிலுள்ள கோட்லா தாகர் என்னும் வற்றிய ஏரியின் நத்தை ஓடுகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன்-18 விகிதம் ஆயிரத்துக்கு 4 என்னும் அளவில் உயர்ந்ததைக் கண்டு, கோடைப் பருவமழை சட்டெனக் குன்றியது என முடிவு செய்தனர். 2018-இல் தீட்சித் முதலானோர் வட இராஜஸ்தானின் கர்சாண்டிப் படுகையின் ஜிப்சத்தை ஆராய்ந்து, 5,100 முதல் 4,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் பருவமழை வலுவுற்றிருந்தது என வெளியிட்டனர். நகரமயமாக்கத்தின் தொடக்கம் இக்காலத்துள் அடங்குகிறது. மேகாலயாவின் மௌம்லு குகைப் படிவும், சிந்து ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த அரபிக்கடற் படிவும் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சிக்குச் சான்று பகர்கின்றன. நிலவியற் கால அட்டவணையில் 'மேகாலயன்' என்னும் காலப்பிரிவு 2018-இல் ஏற்கப்பட்டதும் அக்குகைப் படிவை அடிப்படையாகக் கொண்டே.

இம்முடிவுகளைத் தொகுத்து நோக்கினால், முரணின் காரணம் விளங்கும். லுங்கரன்சர் ஓர் ஓரப்பகுதி ஏரி. மழை ஓரளவு குறைந்ததும் அது வற்றிவிட்டது. வற்றிய படுகையால் அதன்பின் நிகழ்ந்த சிறு ஏற்றங்களைப் பதிவு செய்ய இயலவில்லை. காற்று மேற்படிவை அரித்துச் சென்றிருக்கவும் கூடும். மழை மிகுந்த கிழக்கெல்லையிலிருந்த கோட்லா தாகர் அதன்பின்னரும் நீருடன் இருந்தமையால் பிற்கால மாற்றத்தைக் காட்டமுடிந்தது. ஆகவே ஓர் ஏரியின் மௌனம், மாற்றம் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது.

7. சான்றின் எல்லைகள்

ஏரிப்படிவைப் பண்பாட்டு வரலாற்றுக்குப் பயன்படுத்துவோர் மூன்று எல்லைகளைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

(அ) ஏரி காட்டுவது நீர்க்கணக்கையே. மழையளவை நேரடியாக அன்று. வெப்பநிலை, நிலத்தடி நீர், மணற்குன்றுகளால் ஓடைகள் தடைப்படுதல் ஆகியனவும் நீர்மட்டத்தை மாற்றும். மேலும் சிந்துவெளி வேளாண்மை ஏரிகளைச் சார்ந்ததன்று. ஆற்றுவெள்ளத்தையும் கோடைமழையையும் குளிர்கால மழையையும் இடத்திற்கேற்பச் சார்ந்தது. கக்கர்-ஹக்ரா ஆற்றுப்படுகையில் நிகழ்ந்த ஆய்வுகள், சட்லெஜ் ஆறு ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே அதனை விட்டு விலகியது எனவும், நகரக் காலத்தில் அப்படுகை பருவமழை நீரையே நம்பியிருந்தது எனவும் காட்டுகின்றன. 'ஆறு திசைமாறியதால் நகரங்கள் அழிந்தன' என்னும் கூற்று இதனால் மறுபரிசீலனைக்குரியதாகிறது.

(ஆ) படிவின் காலநுட்பம் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் முதல் நூற்றாண்டு வரையிலான அளவினது. இறையனார் களவியல் உரை பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம் நிகழ்ந்ததாகக் கூறுகிறது. அத்தகைய குறுகியகாலப் பஞ்சத்தை நூறாண்டு அளவிலான படிவைக் கொண்டு மெய்ப்பிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. வேறொரு நாட்டின் ஏரிப்படிவை அதற்குச் சான்றாகக் காட்டுதல் இன்னும் பொருந்தாது.

(இ) இரு நிகழ்வுகள் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என நிறுவப்பட்டதாகாது. நகரங்கள் குன்றிய காலத்தில் அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம், குசராத்து ஆகிய பகுதிகளில் சிற்றூர்கள் பெருகின என்பது தொல்லியல் காட்டும் உண்மை. மக்கள் பயிர்வகைகளை மாற்றியும் வாழிடங்களைச் சிதறவிட்டும் வறட்சியை எதிர்கொண்டனர் என அறிஞர் விளக்குவர். வறட்சி ஒரு நெருக்கடியைத் தோற்றுவித்திருக்கலாம். அதற்கு மக்கள் அளித்த விடையை ஏரியின் சேறு கூறாது. அவர்கள் எம்மொழி பேசினர், எத்திசையில் எவ்வளவு தொலைவு பெயர்ந்தனர் என்பவற்றை அது கூறுதல் எவ்வாற்றானும் இயலாது. அவ்வினாக்களுக்கு மொழியியல், தொல்லியல், மரபணுவியல் ஆகியவற்றின் தனிச்சான்றுகளே தேவைப்படுகின்றன.

8. முடிவுரை

இக்கட்டுரையில் கண்ட செய்திகளின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

தார்ப் பாலைநிலம் கடந்த இருபதாயிரம் ஆண்டுகளில் ஒரே நிலையில் இருந்ததன்று. பனியூழியின் கடும் வறட்சி, இடைக்காலத்து நீர்ப்பெருக்கு, பின்னைய வறட்சி ஆகிய மாற்றங்களை அதன் ஏரிகள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.

அம்மாற்றங்களின் காலம் ஏரிக்கு ஏரி வேறுபடுகிறது. 1971-க்கும் 1999-க்கும் இடையே தோன்றிய முரண், காலக்கணிப்பின் நுட்பத்தாலும் ஏரிகளின் இட வேறுபாட்டாலும் விளைந்ததேயன்றிச் சான்றின் பயனின்மையால் விளைந்ததன்று.

ஏறத்தாழ 4,200 முதல் 4,100 ஆண்டுகளுக்கு முன் பருவமழை குன்றியது என்பதற்குப் பல இடச்சான்றுகள் இன்று ஒத்துநிற்கின்றன. அதனை நகரங்களின் வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதலாம். ஒரே காரணமாகக் கொள்வதற்கில்லை.

தமிழாய்வில் காலநிலைச் சான்றை எடுத்தாளும்போது, எந்த ஏரி, எவ்வகைச் சான்று, அளவுத்திருத்தம் செய்த ஆண்டா என்னும் மூன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். இம்மூன்றும் இன்றி 'வறட்சியால் வந்தனர்' என எழுதப்படும் தொடர் கருதுகோளேயன்றி முடிவாகாது. கருதுகோளைக் கருதுகோள் என்றே குறித்துவைத்தால், நாளை மற்றொரு படுகையின் படிவு வெளிவந்து காலவரையறையை மாற்றினும் அதனோடு சேர்ந்து நம் ஆய்வும் சரிந்துவிடாது.